ஸ்ரூடியோ வேண்டுறதும் காணி வேண்டுறதும்: சோனி, எக்ஸ்பொக்ஸ், நின்டென்டோ கணக்கு

ஒடியல்கூழ் | 05.12.2025 இரவு 8.12

கேள்வியோ முறைப்பாடோ, எப்பிடியெண்டாலும் வையுங்கோ. பங்கி எண்ட வீடியோ கேம் ஸ்ரூடியோவை 3.6 பில்லியன் டொலருக்கு வேண்டுறம் எண்டு அறிவிச்ச சோனி, போன மாதம் அதின்ரை பெறுமதியிலை 31.5 பில்லியன் யென்னைக் குறைச்சு எழுதிப்போட்டுது. ஃபயர்வோக் எண்ட இன்னொரு ஸ்ரூடியோவை 2023 ஏப்ரலிலை வேண்டி 2024 ஒக்ரோபரிலை பூட்டியாச்சு. லண்டன் ஸ்ரூடியோ இல்லை. யப்பான் ஸ்ரூடியோ இல்லை. இதே கொம்பனிதான் நோட்டி டோக்கை வளத்ததாம். என்ரை வாதம்: சோனிக்கு ஸ்ரூடியோ வேண்டத் தெரியாது, 2001 இலை நோட்டி டோக்கை வேண்டேக்கை ஒருக்கா அதிஷ்டம் அடிச்சது, அவ்வளவுதான். பிழையெண்டால் கணக்கோடை சொல்லுங்கோ.

கிணத்தடி | 05.12.2025 இரவு 9.55

அதிஷ்டம் எண்டு ஒரு சொல்லிலை முடிக்கேலாது. வேண்டுறதுக்கு முதல் சோனியும் அந்த ஸ்ரூடியோவும் சேர்ந்து எத்தினை கேம் கடைக்கு அனுப்பினவை எண்டு எண்ணிப்பாருங்கோ. நோட்டி டோக்: கிராஷ் 1996, 97, 98, பேந்து 99 இலை காரோட்டம். நாலு கேம் முடிஞ்ச பிறகுதான் 2001. சக்கர் பஞ்ச்: ஸ்லை கூப்பர் மூண்டு, இன்ஃபேமஸ் ரெண்டு. முதல் ஸ்லை 2002 இலை, கையெழுத்து 2011 இலை. இன்சொம்னியாக்: 1998 இலை ஸ்பைரோவோடை தொடங்கின பழக்கம், 2019 இலை 229 மில்லியன் டொலருக்கு முடிஞ்சுது. இடையிலை 2014 இலை எக்ஸ்பொக்ஸுக்கு ஒரு கேம் செய்துபோட்டுத் திரும்பி வந்தவை, அதுக்காக ஒருத்தரும் கதவைச் சாத்தேல்லை. ஹவுஸ்மார்க்: 2007 இலை சூப்பர் ஸ்ரார்டஸ்ட், பேந்து டெட் நேசன், ரெசோகன், 2021 ஏப்ரலிலை ரிட்டேர்னல். யூன் மாதம் சோனி வேண்டிப்போட்டுது.

இப்பிடிப் பழகிற காலத்திலை காசு தவணை தவணையாத்தான் போகும். முதல் எண்ணக்கரு, பேந்து முழுக் கேமின்ரை தரத்திலை ஒரு சின்னத் துண்டு, பேந்து அல்பா (செய்யவேண்டிய அம்சம் எல்லாம் உள்ளுக்கை), பீற்றா (கட்டம், குரல், இசை எல்லாம் உள்ளுக்கை), கடைசியிலை கொன்சோல் சான்றிதழ் (கொன்சோல் கொம்பனி சோதிச்சு ஒத்துக்கொள்ளுறது). ஒவ்வொரு படியிலையும் சோனியின்ரை தயாரிப்பாளர் ஒராள் அதுவரைக்கும் செய்த கேமை (பில்ட்) ஓடிப் பாத்துத்தான் அடுத்த தவணையை விடுவார். ரெண்டு கேம் இப்பிடிப் போனால் காணும்: ஆர் திகதி தவறுறவர், ஆர் பிழையை மறைக்கிறவர், ஆர் இல்லாட்டி வேலை நிண்டுபோகும் எண்டு எல்லாம் வெளிச்சம். கணக்காளரை அனுப்பி ரெண்டு மாதம் புத்தகம் பாத்தாலும் இது வராது.

ஃபயர்வோக்கிலை இல்லாமல் போனது இதுதான். ஒப்பந்தம் 2021 இலையே இருந்தது, ஆனா சேர்ந்து அனுப்பின கேம் பூச்சியம்.

மூண்டாம் குறுக்கு | 05.12.2025 இரவு 10.20

21 வருசம் சாதகம் பாத்துக் கட்டின கலியாணம். பொம்பிளை வீட்டாருக்கே பொறுமை போயிருக்கும்.

பருத்தித்துறை வடை | 06.12.2025 காலை 7.05

கிணத்தடி அண்ணை தனக்கு வசதியான ஆக்களை மட்டும் எண்ணியிருக்கிறார். எவல்யூசன் ஸ்ரூடியோவும் சோனிக்கு வருசக்கணக்கா ராலிக் கேம் செய்தது, மோட்டர்ஸ்ரோர்ம் செய்தது, 2007 இலை வேண்டினவை, 2016 இலை பூட்டு. சிப்பர்: சோகொம் 2002, வேண்டினது 2006, பூட்டினது 2012. சிக்னோசிஸ்: 1993 இலையே, பிளேஸ்ரேசன் கடைக்கு வரமுதலே வேண்டினது. வைப்அவுட் செய்த அதே ஆக்கள். 2012 ஓகஸ்ட்டிலை லிவர்பூல் ஸ்ரூடியோ எண்ட பேரோடை கதவு சாத்தியாச்சு. இவையளும் பழகின ஆக்கள்தானே?

கிணத்தடி | 06.12.2025 மதியம் 1.30

வடை சொன்னது சரி. நேற்று எழுதினதை மாத்திறன்: பழகிறது வேணும், ஆனா அது மட்டும் காணாது.

பூட்டின மூண்டையும் கிட்டப் போய்ப் பாத்தால் கதை வேறை வேறை. சிப்பரின்ரை கைப்பழக்கம் ஒன்லைன் சண்டை. மாக் எண்டு 256 பேர் ஒரே நேரம் விளையாடுற கேம் 2010 இலை செய்தவை, தொழில்நுட்பமாப் பாத்தால் பெரிய சாதனை. சோகொம் 4 அமெரிக்காவிலை வந்தது 2011 ஏப்ரல் 19. அடுத்த நாள் பிளேஸ்ரேசன் வலையமைப்பையே ஹாக் பிரச்சினையாலை நிப்பாட்டினவை, திரும்ப வர மே நடுப்பகுதி. ஒன்லைன் கேமுக்கு முதல் மாதமே ஒன்லைன் இல்லை. எழும்பேலாமல் போச்சு.

எவல்யூசன் வேறை மாதிரி. கார்ப் பந்தயத்துக்குச் சோனி வீட்டிலை ஏற்கெனவே பொலிஃபனி இருக்கு, கிரான் ருரிஸ்மோ இருக்கு. ஒரே முற்றத்திலை ரெண்டாவது பந்தயக் கொம்பனி நிக்கவேணுமெண்டால் அது தனக்கெண்டு ஒரு இடம் பிடிக்கவேணும். அவையின்ரை டிரைவ்கிளப் கேம் பிளேஸ்ரேசன் 4 (பிஎஸ் 4) ஓடை 2013 இலை வாறதா இருந்தது, வந்தது 2014 ஒக்ரோபர், வந்த அண்டே சேர்வர் படுத்திட்டுது. பிறகு திருத்தி வடிவாக்கினவை, ஆனா ஆக்கள் போட்டினம். பூட்டின கையோடை அந்தக் குழுவைக் கோட்மாஸ்ரர்ஸ் எடுத்தது. திறமை இல்லாமல் பூட்டினதெண்டால் அடுத்த வீட்டுக்காரன் ஏன் குழுவாத் தூக்கிறான்?

அப்ப ரெண்டாவது கேள்வி: உள்ளுக்கை எடுத்த பிறகு, அவைக்கு ஏற்கெனவே கைவந்த வேலையைத்தான் குடுத்தவையோ, அதுக்கு வீட்டிலை இடம் இருந்ததோ?

ஒடியல்கூழ் | 06.12.2025 மாலை 6.44

அண்ணை, கெரில்லா உந்தக் கணக்குக்குள்ளை வராதே. கில்சோன் ஒண்டு வந்தது 2004, வேண்டினது 2005. பேந்து சுடுற கேம் செய்தவையை விட்டு ரோபோ டைனோசர் வாற ஹொரைசனைச் செய்யவிட்டது. ரெண்டு விதியும் பிழை.

கிணத்தடி | 06.12.2025 இரவு 8.15

விதியெண்டு நான் சொல்லேல்லை, எண்டாலும் அடி சரியான இடத்திலைதான் விழுந்திருக்கு. கெரில்லாவிலை மாறினது கதையும் உலகமும். கேமை ஓட்டுற அடிப்படை மென்பொருளான எஞ்சின் மாறேல்லை. கில்சோனுக்கு வளத்த அதே எஞ்சின்தான் டெசிமா எண்ட பேரிலை ஹொரைசனுக்குப் போச்சு, பேந்து கேம் இயக்குநர் கொஜிமாவின்ரை டெத் ஸ்ராண்டிங்குக்கும் போச்சு. பத்து வருசம் கையிலை இருந்த கத்தி அதேதான், வெட்டின மரம்தான் வேறை. இதோடை ஃபயர்வோக், ஹேவன் போல சோனி வேண்டின புது ஸ்ரூடியோக்களை ஒப்பிட்டால் அங்கை குழுவும் புதிசு, கேமும் புதிசு, வகையும் புதிசு. மூண்டும் ஒண்டா மாறினால் பிழை எங்கை எண்டு கண்டுபிடிக்கவே ஏலாது.

மூண்டாம் குறுக்கு | 06.12.2025 இரவு 8.31

ஆக நல்லா ஓடினது, தன்ரை வீட்டுப் பிள்ளை ரீம் அசோபி. யப்பான் ஸ்ரூடியோவை 2021 இலை கலைச்சுப்போட்டு, மிஞ்சின சின்னக் குழு அஸ்ட்ரோ பொட் செய்து 2024 இன்ரை வருடச் சிறந்த கேம் விருதைத் தூக்கினது. வேண்டாமலே கிடைச்ச முத்து, கலைக்கேக்கை கை தவறியிருந்தால் குப்பைக்குள்ளை போயிருக்கும்.

கிணத்தடி | 07.12.2025 காலை 10.10

தலைப்பிலை காணி எண்டு போட்டிருக்கிறியள், அதை வைச்சே சொல்லுறன். எங்கட பக்கம் காணி வேண்டேக்கை உறுதியிலை கிணத்துப் பங்கும் வழி வாய்க்காலும் இருக்கோ எண்டு பாக்காமல் ஒருத்தரும் கையெழுத்து வைக்கமாட்டினம். ஸ்ரூடியோவுக்குக் கிணறு எண்டது கேமின்ரை பேருரிமை.

நோட்டி டோக் செய்த கிராஷ், இன்சொம்னியாக் செய்த ஸ்பைரோ ரெண்டும் யூனிவர்சல் இன்ரராக்ரிவ் கையிலை இருந்தது. சோனி ஸ்ரூடியோவை வேண்டினாலும் அந்தப் பாத்திரங்கள் வரேல்லை. உரிமை கைமாறிக் கைமாறி அக்ரிவிசனுக்குப் போய், 2023 ஒக்ரோபர் 13 இலை அக்ரிவிசனோடை சேர்ந்து மைக்ரோசொஃப்ட் வீட்டுக்குப் போட்டுது. பிளேஸ்ரேசனை உலகத்துக்குக் காட்டின கிராஷ் இப்ப எக்ஸ்பொக்ஸின்ரை சொத்து.

ஸ்பைடர்மேனும் அப்பிடித்தான். 229 மில்லியன் குடுத்து இன்சொம்னியாக்கை எடுத்தாலும் அவையின்ரை ஆகப் பெரிய விளைச்சல் மார்வலின்ரை காணியிலை, குத்தகைக்கு. ரச்செட் மாதிரிச் சிலதுதான் சொந்த உறுதி. பங்கியிலை மறுபக்கம் பாருங்கோ. மைக்ரோசொஃப்ட் 2000 இலை பங்கியை வேண்டினது, 2007 இலை ஆக்கள் பிரிஞ்சு போட்டினம், அவை செய்த ஹேலோ கேமின்ரை உரிமை மைக்ரோசொஃப்ட்டோடை நிண்டுட்டுது. ஆக்கள் போனாலும் கிணறு மிஞ்சினது. ஆனா கிணத்திலை தண்ணி இறைக்கத் தெரிஞ்சவை போட்டினம். அதுக்கெண்டு 343 எண்டு புதுக் கொம்பனி கட்டவேண்டி வந்தது.

பருத்தித்துறை வடை | 07.12.2025 காலை 11.02

343 செய்த ஹேலோ இன்ஃபினிற் இதுக்கு நல்ல உதாரணம். 2020 கடைசியிலை புதுக் கொன்சோலோடை வரவேண்டியது 2021 டிசெம்பர் 8 க்குத் தள்ளிப்போச்சு. சிலிப்ஸ்பேஸ் எண்டு சொந்த எஞ்சின். அதிலை வேலை செய்த கனபேர் ஒப்பந்தக்காரர். மைக்ரோசொஃப்ட் விதிப்படி ஒப்பந்தக்காரர் 18 மாதத்துக்கு மேலை தொடர்ந்து நிக்கேலாது. சொந்த எஞ்சினுக்கு வெளியிலை புத்தகமும் இல்லை, யூரியூப் பாடமும் இல்லை. ஒராள் அதைப் பழகி உருப்படியா வேலை தொடங்க மாதக்கணக்கு போகும், கை வாற நேரம் ஆள் வெளியிலை. 2024 ஒக்ரோபரிலை 343 எண்ட பேரை ஹேலோ ஸ்ரூடியோஸ் எண்டு மாத்தி, அன்ரியல் 5 எண்ட எல்லாருக்கும் கிடைக்கிற எஞ்சினுக்கு மாறப்போறம் எண்டு சொன்னவை. சொந்த எஞ்சின் வைச்சிருக்கிறவன் நிரந்தர ஆக்களை வைக்கவேணும். ஆக்களை மாத்தி மாத்தி எடுக்கிறதெண்டால் ஊருக்கே தெரிஞ்ச எஞ்சினை எடுக்கவேணும்.

ஒடியல்கூழ் | 07.12.2025 மாலை 5.20

பங்கிக்குக் குடுத்த காசு முழுக்க முதலாளிமாருக்கோ? அவ்வளவு குடுத்துப்போட்டு ஆக்களை ஏன் நிப்பாட்டவேணும்?

கிணத்தடி | 07.12.2025 இரவு 9.08

இல்லை. அறிவிச்ச 3.6 பில்லியனிலை ஏறக்குறைய மூண்டிலை ஒரு பங்கு, 1.2 பில்லியன், ஆக்களைப் பிடிச்சு வைக்க. பங்கு வைச்சிருந்த ஊழியருக்கு உடன முழுக்கக் குடுக்காமல், தொடர்ந்து வேலை செய்தால்தான் எண்ட நிபந்தனையோடை தவணையாக் குடுக்கிறது. அதிலையும் பெரும்பகுதி முதல் ரெண்டு வருசத்துக்குள்ளை. கணக்கிலை இது கொள்வனவு விலையாப் போகாது, வருசா வருசம் செலவா விழும்.

2022 யூலையிலை கையெழுத்து முடிஞ்சுது. 2023 ஒக்ரோபரிலை ஏறக்குறைய 100 பேரை நிப்பாட்டினவை, 2024 யூலை 31 இலை 220 பேர், அது ஸ்ரூடியோவின்ரை 17 வீதம். இன்னும் 155 பேரை சோனியின்ரை மற்றப் பகுதிகளுக்கு மாத்தினவை. ரெண்டு வருசம் முடியிற மாதமும் அதுவும் ஒண்டா வந்ததைக் காரணம் எண்டு நான் சொல்லேல்லை. பங்கியின்ரை டெஸ்ரினி கேமின்ரை வருமானம் எதிர்பாத்த அளவுக்கு வரேல்லை எண்டது வெளிப்படை. ஆனா தக்கவைப்புக் காசு எப்பவும் நாள் குறிச்ச காசு. அந்த நாள் ஆர் ஆர் போவினம், அவையின்ரை வேலை ஆர் கையிலை எண்டு முதல் நாளே எழுதி வைக்காட்டி, வேண்டினவன் வெறும் கட்டடத்தோடை நிப்பான்.

இன்னொண்டு. பங்கி உள்ளுக்கை வரேக்கை தனிச் சபை, தன்ரை முடிவு, எல்லாக் கொன்சோலிலையும் வெளியிடுற சுதந்திரம் எண்டு பேசி வந்தது. இலக்கு தவறின பிறகு அந்தச் சுதந்திரம் தேய்ஞ்சுகொண்டு போகுது. 2025 ஓகஸ்ட்டிலை சோனியின்ரை நிதித் தலைவரே அது பிளேஸ்ரேசன் ஸ்ரூடியோஸின்ரை ஒரு பகுதியா மாறிக்கொண்டு போகுது எண்ட மாதிரிச் சொன்னவ. பங்கியின்ரை புதுக் கேமான மரதன் 2025 செப்ரெம்பர் 23 எண்டு சொல்லி யூனிலை தள்ளி வைச்சதும் உதவேல்லை.

மூண்டாம் குறுக்கு | 07.12.2025 இரவு 9.40

மச்சான், ஆக்களைப் பிடிச்சு வைக்க 1.2 பில்லியன், பேந்து அதே ஆக்களை அனுப்ப நட்டஈடு. கட்டின ஆட்டை அவிழ்க்கவும் கூலி.

கிணத்தடி | 08.12.2025 காலை 6.50

பம்பலை விட்டு லைவ் சேர்விஸ் (வெளிவந்த பிறகும் ஒன்லைனிலை தொடர்ந்து நடத்திற கேம்) கணக்குக்கு வாறன், உண்மையான சிக்கல் அங்கைதான். 2022 மேயிலை சோனி சொன்னது 2026 மார்ச்சுக்குள்ளை 12 லைவ் சேர்விஸ் கேம். 2023 நவம்பரிலை அதை 6 எண்டு பாதியாக்கினது. ஏன் முதல்லை 12?

ஒராளுக்கு மாதம் 10,000 டொலர் எண்டது அமெரிக்க மேற்குக் கரையின்ரை பழைய கைக்கணக்கு: சம்பளம், காப்புறுதி, வாடகை, கொம்பியூட்டர் எல்லாம் சேர்த்து. இப்ப 15,000 போட்டாலும் சில ஊரிலை காணாது. 200 பேர், மாதம் 3 மில்லியன், அஞ்சு வருசம் 180 மில்லியன். மைக்ரோசொஃப்ட் அக்ரிவிசனை வேண்டுறதை எதிர்த்த வழக்கிலை, கறுப்புப் பேனையாலை சரியா மறைக்காமல் விட்ட சோனியின்ரை கடதாசியிலை வெளிவந்த தொகை இதுக்குக் கிட்டத்தான்: லாஸ்ட் ஒஃப் அஸ் 2 க்கு 220 மில்லியன், 200 பேர், ஹொரைசன் ஃபொர்பிடன் வெஸ்ற்றுக்கு 212 மில்லியன், 300 பேர். ஒரு பிரதியிலை கழிவு, வரி போக 40 டொலர் கையிலை நிக்குது எண்டு வைச்சால் 220 மில்லியனை மீட்கவே 55 லட்சம் பிரதி. விளம்பரம் அதுக்கு வெளிய. இப்பிடி அஞ்சு வருசத்துக்கு ஒருக்கா எல்லாத்தையும் ஒரே பந்திலை வைக்கிறது கணக்காளருக்கு நித்திரையைக் கெடுக்கும். மாதா மாதம் காசு வாற கேம் அவைக்கு அப்பத்தான் கண்ணிலை படுகுது.

அவை பாக்காத பக்கம்: சாதாரணக் கேம் வெளிவந்த அண்டைக்குக் குழு அடுத்ததுக்குப் போகலாம். லைவ் சேர்விஸிலை வெளிவந்த அண்டைக்குத்தான் வேலை தொடங்குது. பருவத்துக்குப் பருவம் புதுக் கட்டம், களவு பிடிக்கிற குழு, சேர்வர் காவல், முறைப்பாட்டுக்குப் பதில் சொல்லுற ஆக்கள். நோட்டி டோக் 2023 டிசெம்பரிலை தன்ரை ஒன்லைன் கேமைக் கைவிடேக்கை இதைத்தான் சொன்னது: செய்தால் ஸ்ரூடியோ முழுக்க வருசக்கணக்கா அதுக்குள்ளை போகும், தனியாள் கேம் செய்யேலாது. 2025 ஜனவரியிலை புளூபொயின்ரின்ரையும் பெண்ட்டின்ரையும் லைவ் சேர்விஸ் வேலையை நிப்பாட்டினவை. புளூபொயின்ற் எண்டால் பழைய கேமைக் கல்லுக் கல்லாப் பிரிச்சுத் திரும்பக் கட்டுற தச்சர். டீமன்ஸ் சோல்ஸ் பாருங்கோ, ஷாடோ ஒஃப் தி கொலோசஸ் பாருங்கோ. சிற்பியைக் கூப்பிட்டு பஸ் ஓட்டச் சொன்ன மாதிரி.

பருத்தித்துறை வடை | 08.12.2025 காலை 7.31

சோனி வெளியிட்ட லைவ் சேர்விஸ் கேம் ஹெல்டைவர்ஸ் 2 ஓடினதே? 12 கிழமையிலை 12 மில்லியன் பிரதி.

கிணத்தடி | 08.12.2025 காலை 7.48

ஓடினது, ஆனா அதைச் செய்த அரோஹெட் சோனியின்ரை சொத்தில்லை. தனிக் கொம்பனி, சோனி வெளியீட்டாளர் மட்டும். வேண்டாமல் விட்டதிலை வந்த வெற்றி. 2015 தொடக்கம் அவையோடை சேர்ந்து வேலை செய்தது வேறை கதை... இல்லை, அதே கதைதான், முதல் நாள் எழுதினது.

ஒடியல்கூழ் | 08.12.2025 இரவு 7.15

ஹெல்டைவர்ஸ் எண்டதும் ஞாபகம் வருது. 2024 மேயிலை, கொம்பியூட்டர் கேம் விக்கிற ஸ்ரீமிலை (Steam) விளையாட பிளேஸ்ரேசன் வலையமைப்பு (பிஎஸ்என்) கணக்குக் கட்டாயம் எண்டு சொல்லி, பிஎஸ்என் இல்லாத 177 நாட்டிலை விற்பனையை நிப்பாட்டினது. இலங்கைக்கு இண்டைக்கும் பிஎஸ்என் இல்லை. இஞ்சை பிஎஸ் 5 வைச்சிருக்கிறவை எல்லாம் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் குடியிருக்கிறவைதான், கணக்கு முகவரிப்படி.

பருத்தித்துறை வடை | 08.12.2025 இரவு 7.40

சோனியின்ரை பாவனை ஒப்பந்தப்படி அது விதிமீறல். கணக்கு முடக்கினால் வேண்டின கேமும் போகும், அதாலைதான் இஞ்சை டிஸ்க்குக்கு மவுசு. கட்டாயத்தை ஒரு கிழமைக்குள்ளை கைவிட்டவை, பேந்து 2025 ஜனவரியிலை கொம்பியூட்டருக்கு வாற சில தனியாள் கேமுக்கும் கணக்கு விருப்பம் எண்டு விட்டவை. இதுவும் ஸ்ரூடியோ நிருவாகம்தான் தம்பி: அடியும் பேச்சும் விழுந்தது அரோஹெட்டிலை, கணக்கை இணைக்கச் சொன்னது சோனி. முன்னுக்கு நிக்கிறது கேம் செய்தவன், முடிவு எடுக்கிறது வெளியிடுறவன்.

கிணத்தடி | 09.12.2025 இரவு 8.30

மைக்ரோசொஃப்ட்டைத் தொடாமல் போனால் அநியாயம். அவை ரெண்டு விதமாவும் பிழை விட்டவை. முதல் காலம் கையை உள்ளுக்கை விட்டது. ரேயர் எண்ட ஸ்ரூடியோவை 2002 இலை 375 மில்லியனுக்கு வேண்டினது, நின்டென்டோ தன்ரை 49 வீதத்தை வித்துப்போட்டு டொங்கி கொங்கைத் தன்னட்டை வைச்சிருந்தது. தாபகர் ஸ்ராம்பர் சகோதரர் 2007 தொடக்கத்திலை வெளிக்கிட்டினம். பேந்து ஸ்ரூடியோ, உடம்பசைவைப் பாக்கிற கமராவான கினெக்டுக்கு விளையாட்டுப்போட்டிக் கேம் செய்துகொண்டிருந்தது. திரும்பத் தன்ரை குரலிலை சீ ஒஃப் தீவ்ஸ் வர 2018 ஆச்சு. லயன்ஹெட் 2006 இலை வேண்டி 2016 இலை பூட்டு. ஃபேபிள் எண்டால் தனியாள் கதைக் கேம், அதை ஒன்லைன் கேமாக்கச் சொல்லி முடிஞ்ச கதை. என்செம்பிள் 2001 இலை வேண்டி, ஹேலோ வோர்ஸ் முடிஞ்ச கையோடை 2009 இலை பூட்டு.

அதுக்குப் பயந்து அடுத்த காலத்திலை கையைத் துப்பரவா எடுத்துட்டினம். பல ஸ்ரூடியோக்களை வைச்சிருந்த செனிமாக்ஸ் கொம்பனியை 2021 மார்ச்சிலை வேண்டி முடிச்சவை, அறிவிச்சது 7.5 பில்லியன். அதுக்குள்ளை இருந்த ஆர்கேன் ஒஸ்ரின் ஏற்கெனவே ரெட்ஃபோல் செய்துகொண்டிருந்தது. அங்கை முந்திப் பிரே எண்ட கேமைச் செய்த ஆக்களிலை ஏறக்குறைய 70 வீதம் ரெட்ஃபோல் முடியமுதலே போட்டினம் எண்டு செய்தி வந்தது. அப்ப வேண்டினது பிரே செய்த ஸ்ரூடியோவோ, அதின்ரை பேர்ப்பலகையோ? 2023 மேயிலை கேம் விழுந்த பிறகு அப்ப எக்ஸ்பொக்ஸ் தலைவரா இருந்த ஃபில் ஸ்பென்சரே தாங்கள் முந்தியே உள்ளுக்கை போய்ப் பாத்திருக்கவேணும் எண்ட மாதிரி ஒத்துக்கொண்டவர். 2024 மே 7 இலை ஆர்கேன் ஒஸ்ரின் பூட்டு.

அண்டைக்கே செனிமாக்ஸின்ரை ராங்கோ கேம்வேர்க்ஸும் பூட்டு. அதுதான் விளங்கேல்லை. அவை செய்த ஹை-ஃபை ரஷ் நல்ல பேர் எடுத்த கேம்.

ஒடியல்கூழ் | 09.12.2025 இரவு 9.02

நல்ல பேர், ஆனா காசு எங்கை? மைக்ரோசொஃப்ட்டின்ரை மாதச் சந்தாவான கேம் பாஸிலை முதல் நாளே குடுத்தது. ஒரு கேமாலை எத்தினை பேர் சந்தா கட்டினவை எண்டு ஆராலை பிரிச்சுச் சொல்லேலும்?

கிணத்தடி | 09.12.2025 இரவு 9.33

உது சரியான கேள்வி. பிரதி விக்கிற இடத்திலை ஸ்ரூடியோவுக்கு ஒரு ஆதாரம் கையிலை இருக்கும்: இத்தினை வித்தது, இவ்வளவு வந்தது. சந்தாவிலை எல்லாக் காசும் ஒரே குளத்துக்குள்ளை போகுது, பங்கு பிரிக்கிறது மேலை இருக்கிறவன். எத்தினை மணித்தியாலம் விளையாடினவை எண்டு பிரிச்சால் நீளக் கேம் வெல்லும், பத்து மணித்தியாலத்துக் கேம் தோக்கும். எத்தினை பேர் புதுசா வந்தவை எண்டு பிரிச்சால் பேர்போன தொடர் வெல்லும். ரெண்டு அளவுகோலிலையும் ராங்கோ மாதிரிச் சின்னக் குழுவுக்கு இடம் இல்லை. அதே வருசம் ஓகஸ்ட்டிலை தென்கொரியக் கொம்பனி கிராஃப்ரன் வந்து ஸ்ரூடியோவையும் ஹை-ஃபை ரஷ் உரிமையையும் எடுத்தது. ஒருத்தன்ரை கணக்கிலை பாரம், மற்றவன்ரை கணக்கிலை சரக்கு.

அக்ரிவிசனுக்கு ஏறக்குறைய 75 பில்லியன் போன பிறகு நெருக்கல் இன்னும் கூடினது. 2024 ஜனவரியிலை 1,900 பேருக்கு வேலை போச்சு, செப்ரெம்பரிலை 650 பேருக்கு, 2025 யூலையிலை இனிஷியேற்றிவ் ஸ்ரூடியோ பூட்டு, அவை செய்த பேர்ஃபெக்ட் டார்க் நிப்பாட்டு, ரேயரின்ரை எவர்வைல்டும் நிப்பாட்டு. இவ்வளவு காசு போட்டால் அதை மீட்கத் தன்ரை கொன்சோல் மட்டும் காணாது. மைக்ரோசொஃப்ட்டின்ரை ஃபோர்சா ஹொரைசன் 5 சோனியின்ரை பிஎஸ் 5 க்கு வந்ததை இந்தக் கணக்கோடை சேர்த்துப் பாருங்கோ.

மூண்டாம் குறுக்கு | 10.12.2025 காலை 8.00

நின்டென்டோ?

கிணத்தடி | 10.12.2025 மதியம் 12.45

நின்டென்டோ ஆக இறுக்கிப் பிடிக்கிற கை. அவையின்ரை ரெட்ரோ ஸ்ரூடியோஸிலை ஆரம்பத்திலை கனக்கக் கேம் ஒண்டா ஓடினது. ஒவ்வொண்டா வெட்டி, எல்லாரையும் மெட்ரொயிட் பிரைமுக்குள்ளை போட்டு, தாபகரின்ரை மிச்சப் பங்கை 2002 இலை 1 மில்லியன் டொலருக்கு எடுத்தது. மில்லியன்தான், பில்லியன் இல்லை. நெக்ஸ்ற் லெவல் கேம்ஸை 2021 இலை வேண்டினதுக்குக் காரணமும் எளிமை: சொந்தக்காரர் பங்கை விக்கப் போயினம் எண்டு தெரிஞ்சுது, லூயிஜிஸ் மான்சன் 3 செய்த கை வேறை வீட்டுக்குப் போகக்கூடாது. பக்கத்துக் காணி விலைக்கு வந்தால் வேலியை நினைச்சு வேண்டுவினமே, அதுதான். நின்டென்டோவுக்குக் கேம் செய்யிற கேம் ஃப்ரீக், ஹால் எல்லாம் இண்டைக்கும் முழுச் சொந்தமில்லை, ஆனா ஒருத்தரும் போகேல்லை.

சோனியும் இப்பிடிச் சத்தமில்லாமல் வேண்டினது நல்லாத்தான் நிக்குது. நிக்செஸ் கொம்பியூட்டருக்கு மாத்திற வேலை. வல்கிரி மற்ற ஸ்ரூடியோக்களுக்குக் கை குடுக்கிற வேலை. எஸ்என் சிஸ்ரம்ஸ் 2005 இலை வேண்டினது, கேம் செய்யிறவைக்கு வேண்டிய கருவி செய்யிற ஆக்கள். தலைப்புச் செய்தியிலை வராத கொள்வனவு, எல்லா ஸ்ரூடியோவுக்கும் பயன்.

பருத்தித்துறை வடை | 11.12.2025 இரவு 8.20

கொஞ்சம் விலகிக் கேக்கிறன். இஞ்சை ரெண்டு மூண்டு பெடியள் சேர்ந்து சின்னக் கேம் செய்யினம். சோனி வேண்டாது, விடுங்கோ. ஆனா ஒரு வெளியீட்டாளர் வந்து கேட்டால் கையிலை என்ன இருக்கவேணும்?

கிணத்தடி | 11.12.2025 இரவு 10.37

முதல் கிணத்துப் பங்கு. இலங்கையின்ரை 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்கப் புலமைச்சொத்துச் சட்டப்படி, வேலைக்காரர் வேலையிலை செய்தது, வேறை ஒப்பந்தம் இல்லாட்டி, வேலை குடுத்தவனுக்கு. ஆனா படம் கீறிக் குடுத்த நண்பன், பாட்டுப் போட்டுக் குடுத்த தம்பி வேலைக்காரர் இல்லை. அவையட்டை உரிமை மாத்திக் குடுத்ததுக்குக் கையெழுத்து வைச்ச கடதாசி வேணும், ஒவ்வொருத்தரட்டையும். ஒராள் விட்டாலும் வெளியீட்டாளரின்ரை வக்கீல் அந்த இடத்திலை நிப்பாட்டுவார். கேம் ஓடினாப் பிறகு அந்தக் கையெழுத்தைக் கேக்கப் போனால் விலை வேறை.

ரெண்டாவது: கோட் எல்லாம் முதல் நாள் தொடக்கம் கிட் (Git) எண்ட பதிவு மென்பொருளிலை இருக்கவேணும், ஆர் எப்ப எதை மாத்தினது எண்ட வரலாறோடை. கடைசி நாள் ஒரு சிப் கோப்பாக் குடுத்தால் ஆர் எழுதினது எண்டு நிரூபிக்கேலாது. மூண்டாவது: கையிலை இல்லாத ஒரு வெறும் கொம்பியூட்டரிலை, எழுதி வைச்ச படிகளை மட்டும் பாத்து, கேமை முழுக்கக் கட்டிப் பாருங்கோ. அரைவாசிக் குழுக்கள் இதிலை விழும். ஒருத்தன்ரை மடிக்கணினியிலை மட்டும் கிடக்கிற பிளகின் (துணை மென்பொருள்) ஒண்டு அப்பத்தான் தெரியவரும். நாலாவது: கடையிலை வேண்டின ஒவ்வொரு படத்துக்கும் சத்தத்துக்கும் பற்றுச்சீட்டும் உரிமமும் ஒரு அட்டவணையிலை. அன்ரியல் எண்டால் ஒரு கேமின்ரை வருமானம் 1 மில்லியன் டொலர் தாண்டின பிறகு 5 வீதம் எஞ்சின்காரருக்குப் போகும், அதை விலை பேசேக்கை கழிச்சுப் பேசுங்கோ.

ஒப்பந்தத்திலை ஆகக் கவனம்: பணம் நிண்டால், அல்லது கேமை அவை கைவிட்டால், உரிமை திரும்ப ஆரட்டை வரும், எத்தினை மாதத்திலை? அந்த வரி இல்லாட்டி கேம் அவையின்ரை பெட்டகத்துக்குள்ளை போய் நித்திரை.

மூண்டாம் குறுக்கு | 12.12.2025 காலை 7.10

தமிழிலை செய்யிற பெடியள் எண்டால் எழுத்துருவும் உரிமக் கணக்கிலை வருமோ?

கிணத்தடி | 12.12.2025 காலை 7.42

வரும். கேமுக்குள்ளை பொதிஞ்சு அனுப்புற உரிமம் வேறை, போஸ்ரர் அடிக்கிற உரிமம் வேறை. நோட்டோ சான்ஸ் தமிழ் திறந்த உரிமத்திலை இருக்கு, பொதியலாம். பாமினி எண்ட பழைய எழுத்துருவிலை அடிச்ச வசனத்தை முதல்லையே யூனிகோடுக்கு மாத்துங்கோ, இல்லாட்டி எழுத்துரு மாறின உடன ஆங்கில எழுத்தும் குறியுமாத் தெரியும்.

யூனிற்றி எஞ்சினிலை எழுத்துக் காட்டுற ரெக்ஸ்ற்மெஷ் புரோவிலை கொம்பு பிழைக்கும்: கெ, கே, கொ எழுதினால் கொம்பு எழுத்துக்குப் பின்னாலை போய் நிக்கும். தனிப் பிளகின் போட்டுத் திருத்தவேணும். அன்ரியலிலும் கோடோ 4 இலும் உந்தச் சோலி இல்லை, எழுத்துக் கோக்கிற பகுதி உள்ளுக்கையே இருக்கு. எஞ்சினை முடிவெடுக்கமுதல் "கௌரவம்" எண்ட ஒரு சொல்லைத் திரையிலை போட்டுப் பாருங்கோ.